கத்னா பற்றிய ஆய்வுகள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மும்பை சயனில் குடியிருக்கிறேன். தாராவி, கோவண்டி, ஆன்டாப் ஹில் பக்கம் பெண்கள் உடல்நலக் கணக்கெடுப்புகளுக்கு வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுப்பதுதான் பிழைப்பு. கத்னா என்பது தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தில் பெண் குழந்தையின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம். அதைப் பற்றி நானே களத்தில் இறங்கி ஆய்வு செய்ததில்லை. வெளிவந்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, மாட்டுங்காவில் மாதம் ஒரு முறை கூடும் எங்கள் பெண்கள் வட்டத்தில் ஒரு நாள் பேசினேன். அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ரயிலில் கேட்கிறார்கள், கோயில் வரிசையில் கேட்கிறார்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை, அதனால் மேலிருந்து படித்து வாருங்கள்.

கத்னான்னா என்ன? செய்தியில சொல்ற எஃப்.ஜி.எம்.மும் இதுவும் ஒண்ணா?

ஒன்றுதான், ஒரு வகை. மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பை முழுசாகவோ கொஞ்சமாகவோ வெட்டுவது, அல்லது வேறு எந்த விதத்திலாவது காயப்படுத்துவது எல்லாவற்றையும் உலக சுகாதார நிறுவனம் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு (எஃப்.ஜி.எம்.) என்று ஒரே பெயரில் வைத்து நான்கு வகையாகப் பிரிக்கிறது. கிளிட்டோரிஸையோ (பெண்ணுறுப்பின் மேல் பகுதியில் இருக்கும் உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பு) அதை மூடியிருக்கும் தோலையோ வெட்டுவது முதல் வகை. பிறப்புறுப்பின் உதடுகளையும் சேர்த்து வெட்டுவது இரண்டாவது. வெட்டி, பிறப்புறுப்பின் வாயைக் குறுக்கித் தைத்துவிடுவது மூன்றாவது. குத்துவது, கீறுவது, சுடுவது போன்றவை நான்காவது.

தாவூதி போரா சமூகத்தில் பெண் குழந்தைக்கு ஏழு வயது வாக்கில் செய்வதற்குத்தான் கத்னா என்று பேர். கஃப்ஸ் என்றும் சொல்வார்கள். இது பெரும்பாலும் முதல் வகையில் வரும்.

இது ஆப்பிரிக்காவுல நடக்கிறதுதானே? நம்ம பம்பாய்ல யாரு பண்றாங்க?

யூனிசெஃப் 2024-ல் சொன்ன கணக்குப்படி, இது செய்யப்பட்ட பெண்கள் உலகத்தில் 23 கோடிக்கும் மேல். ஆப்பிரிக்காவில் 14 கோடியே 40 லட்சம் என்றால் ஆசியாவில் 8 கோடி. அந்தக் கணக்கு 31 நாடுகளை வைத்துப் போட்டது, அதில் இந்தியா கிடையாது. இங்கே நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இப்படி ஒரு கேள்வியே இல்லை, கேட்காததற்கு எண் எங்கிருந்து வரும்?

பேண்டி பஜார் பக்கம் போனவர்கள் போராக்களைப் பார்த்திருப்பீர்கள். லேஸ் வைத்த கலர் கலரான இரண்டு துண்டு உடை போட்ட பெண்கள் (ரிதா என்று அதற்குப் பெயர்), பொன் நிறக் கரை போட்ட வெள்ளைத் தொப்பி வைத்த ஆண்கள். ஷியா இஸ்மாயிலிப் பிரிவு, யேமன் வழி வந்த மரபு, பேசுவது அரபு கலந்த குஜராத்தி. பெரும்பாலும் வியாபாரிகள், நன்றாகப் படித்தவர்கள். 'படிக்காத ஜனங்கதான் இதெல்லாம் செய்யும்' என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே அந்த நினைப்பைக் கைவிடலாம்.

நம்ம தமிழ் ஆளுங்ககிட்ட இருக்கா?

நம் பக்கம் சுன்னத் என்றால் பையன்களுக்குத்தான். சென்னையில் போராக்கள் இருக்கிறார்கள், அவர்கள் மரபு குஜராத்திலிருந்து வந்தது. ஆனால் தமிழ் பேசுகிறவர்களிடம் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பிறந்து நாற்பது நாள் வாக்கில் பெண் குழந்தைக்குச் செய்யும் வழக்கம் உண்டு. செய்கிறவரை ஒஸ்தா மாமி என்பார்கள். 2018-ல் அந்நாட்டு சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. குழந்தைக்கு நினைவே இருக்காத வயசு என்பதால், வளர்ந்த பிறகும் தனக்கு நடந்ததா இல்லையா என்று தெரியாத பெண்கள் அங்கே உண்டு. கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி.

பசங்களுக்குப் பண்ற சுன்னத் மாதிரிதானே? அதை மட்டும் யாரும் கேக்கறதில்லையே?

இது நியாயமான கேள்வி, ஓரம்கட்டக் கூடாது. குழந்தையின் சம்மதம் இல்லாமல் உடம்பில் கை வைக்கலாமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுதான், அதைப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆணுக்குச் செய்வதில் எச்.ஐ.வி. தொற்று வாய்ப்பு குறைவது போன்ற சில பலன்கள் ஆய்வில் காட்டப்பட்டிருக்கின்றன. பெண்ணுக்கு ஒரே ஒரு பலன்கூட இல்லை. அதோடு செய்யும் விதமும் வேறு. பையனுக்குச் செய்வதை ஊர் கூடி, பிரியாணி போட்டுக் கொண்டாடுகிறார்கள். பெண்ணுக்குச் செய்வது வெளியில் யாருக்கும் தெரியாமல் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது.

'துளி தோல்தான் எடுப்பாங்க, காது குத்தற மாதிரி'ன்னு சொல்றாங்களே. அதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?

காது குத்துக்கு மாமன் மடி, மொட்டை, போட்டோ எல்லாம் உண்டு. அழுத குழந்தைக்கு ஏன் வலித்தது என்று சொல்லி, ஊதி, மிட்டாய் கொடுப்போம். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று நாம் சொல்வதில்லை. இது ஒரு வித்தியாசம்.

இன்னொன்று, அந்த இடம் காது மடல் இல்லை. நரம்புகள் நெருக்கமாக இருக்கும் மிகச் சின்ன இடம், கட்டிலில் ஏழு வயசுப் பிள்ளை திமிறுகிறது. தோலோடு நின்றதா, உள்ளே பட்டதா என்று செய்கிறவருக்கே நிச்சயம் இருக்காது. 2018-ல் வந்த ஓர் ஆய்வில் தங்களுக்கு நடந்ததைச் சொன்ன பெண்களில் 97 சதவீதம் பேர் வலியை நினைவு வைத்திருந்தார்கள். மூன்றில் ஒருவர் தன் தாம்பத்தியத்தை இது பாதித்தது என்று நினைத்தார். 'துளிதானே' வாதம் ஆஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை போனது. அங்கிருந்த போரா குடும்பம் ஒன்றின் வழக்கு அது. சின்னக் கீறலும் அந்தச் சட்டத்தின்படி சிதைப்பில் அடங்கும் என்று 2019-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) சொல்லிவிட்டது.

ஆஸ்பத்திரியில டாக்டரே சுத்தமா பண்ணிட்டா?

கத்தி சுத்தமாக இருக்கும், செய்வது அதேதான். மருத்துவர்கள் இதில் கை வைக்கவே கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மருத்துவர் செய்தால் 'அப்போ சரியாத்தான் இருக்கும்' என்ற எண்ணம் ஊரில் இன்னும் உறுதியாகிவிடும்.

சரி, தப்புன்னு தெரிஞ்சாச்சு. தடை பண்ண வேண்டியதுதானே? யாரு என்ன நினைக்கிறாங்கன்னு ஆய்வு பண்ணி என்ன ஆகப் போகுது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். நான் தாராவியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கணக்கெடுப்பில் வரதட்சணை சரியா தவறா என்று ஒரு கேள்வி. ஓர் அம்மா யோசிக்கவே இல்லை. 'ரொம்பத் தப்பு, வாங்கறவனை உள்ள தூக்கிப் போடணும்' என்றார். தாளில் டிக் அடித்துவிட்டு நிமிர்ந்தால், அவர் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியில் எவர்சில்வர் குடம், அண்டா, தாம்பாளம் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கி இருந்தது. ஒவ்வொன்றிலும் மகள் பேர் பொறித்திருந்தது. அந்தப் பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. தப்பு என்றுதான் நினைக்கிறார், கொடுக்கவும் போகிறார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. மனசில் நினைப்பதும் கையால் செய்வதும் ஏன் இப்படி வேறு வேறு திசையில் போகின்றன என்று தெரியாமல் சட்டம் மட்டும் போட்டால், பழக்கம் இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். காம்பியா 2015-ல் தடை கொண்டுவந்தது. 2024-ல் அந்தத் தடையை நீக்கச் சொல்லி அவர்கள் நாடாளுமன்றத்திலேயே மசோதா வந்தது, கடைசியில் தோற்றது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது.

போராப் பெண்கள்கிட்ட இதுவரைக்கும் யாரு போய்க் கேட்டிருக்காங்க?

முதலில் நினைவுக்கு வருவது ரெஹானா கடியாலி. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1991-லேயே போராப் பெண்களைப் பேட்டி கண்டு 'மானுஷி' இதழில் எழுதினார். அப்போது இணையம் இல்லை, இயக்கம் இல்லை. கிட்டத்தட்ட இருபது வருடம் அந்த ஒரு கட்டுரைதான் எல்லோருக்கும் ஆதாரம்.

அடுத்து சஹியோ என்ற அமைப்பு. அவர்கள் குஜராத்தியில் அதற்குத் தோழிகள் என்று பொருள். 2015-ல் இங்கே மும்பையில் தொடங்கியது. 385 போராப் பெண்கள் இணையத்தில் பதில் சொன்ன ஆய்வை 2017-ல் வெளியிட்டார்கள். அதில் 80 சதவீதம் பேருக்குக் கத்னா நடந்திருந்தது. 81 சதவீதம் பேர் இது தொடர வேண்டாம் என்றார்கள். ஏன் செய்கிறார்கள் என்று கேட்டதற்கு 56 சதவீதம் பேர் மதம் என்றார்கள், 45 சதவீதம் பேர் பாலுணர்ச்சியைக் குறைக்க என்றார்கள். ஒருவரே இரண்டு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள், அதனால் கூட்டினால் நூறைத் தாண்டும், குழம்ப வேண்டாம்.

மூன்றாவது, மேலே நான் சொன்ன 2018 ஆய்வு. மசூமா ரனால்வி தொடங்கிய வீ ஸ்பீக் அவுட் என்ற குழுவுக்காகச் செய்தது. ஐந்து மாநிலங்களில் 83 பெண்கள், 11 ஆண்களிடம் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். பதில் சொன்னவர்கள் வீட்டில் ஏழு வயசு தாண்டிய மகள்களில் 75 சதவீதம் பேருக்குச் செய்யப்பட்டிருந்தது.

எண்பது சதவீதம் பேர் வேணாம்னா, அப்புறம் எப்படி இன்னும் நடக்குது?

முதல் விஷயம், அந்த 385 பேர் யார் என்று பாருங்கள். இணையம் உள்ளவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், தோழி அனுப்பிய இணைப்பைத் திறந்து பதில் போட மனசு வந்தவர்கள். இந்தத் தலைப்பில் கோபம் உள்ளவர்கள்தான் முதலில் திறப்பார்கள். ஆகவே இது மொத்த சமூகத்தின் 80 சதவீதம் இல்லை. ஆய்வு செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை, தலைப்புச் செய்தி போட்டவர்கள்தான் சொன்னார்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க'. நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெண் வயசுக்கு வந்தால் சடங்கு சுற்றுவது எனக்குப் பிடிக்காது, என் மகளுக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காது என்று என் நாத்தனாரும் பின்னால் சொன்னார். ஆனாலும் ஹால் பிடித்து, பந்தல் போட்டு, தட்டு வரிசை வைத்துச் செய்தோம். ஒவ்வொருத்தரும் மற்றவர் எதிர்பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். ஜெர்ரி மேக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-ல் இதைத்தான் எழுதினார். சீனாவில் பெண்களின் காலைக் கட்டிச் சிறுக்க வைத்த வழக்கமும் இதுவும் ஒரே மாதிரி, தனித்தனியாக யாராலும் விட முடியாது, சேர்ந்து விட்டால் சட்டென்று போய்விடும் என்றார். செனகலில் மலிகுண்டா பம்பாரா என்ற கிராமம் 1997-ல் கூடி உட்கார்ந்து 'இனிமேல் இல்லை' என்று அறிவித்ததை இதற்கு உதாரணம் காட்டுவார்கள்.

ஆனால் 2015-ல் சூடானில் செய்த ஓர் ஆய்வு இதோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் வாயால் கேட்கவே இல்லை. வெட்டும்போது அங்கே பிள்ளைக்கு மருதாணி வைப்பார்கள் என்பதால், பள்ளியில் சேர வரும் சிறுமிகளின் காலில் மருதாணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரே ஊரில் வைத்த காலும் வைக்காத காலும் கலந்தே இருந்தன. அதாவது நாலு பேருக்கு அப்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் காரணம் இருக்கிறது. நம் 2018 ஆய்விலும் இதே வாசனை உண்டு. படிப்பு கூடுதலாக உள்ள அம்மா, சமூகத்துக்கு வெளியே பழக்கம் உள்ள வீடு, பிழைப்புக்குச் சொந்த ஜமாத்தை நம்பியிராத குடும்பம் ஆகியவற்றில் விட்டவர்கள் அதிகம்.

நாலு பேர் பேசினா பேசிட்டுப் போறாங்க. அதுக்குப் பயந்து பிள்ளையை வெட்டுவாங்களா?

அவர்களுக்கு நாலு பேர் என்பது வெறும் பேச்சு இல்லை. திருமணம், அடக்கம், மசூதி எல்லாம் ஜமாத் வழியாகத்தான். ஒதுக்கிவைத்தால் எல்லாமே போச்சு. இதைத் தடுக்க பம்பாய் மாகாணம் 1949-ல் சட்டம் போட்டது. போராக்களின் அப்போதைய மதத் தலைவர் (சையத்னா என்பார்கள்) வழக்குத் தொடர, 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மகாராஷ்டிராவின் சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் 2016-ல்தான் வந்தது.

பெத்த அம்மாவே எப்படிக் கூட்டிட்டுப் போறா? மனசு வருமா?

நடந்ததைச் சொல்லும் பெண்களின் வாக்குமூலங்கள் பலவும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன், சினிமா போகலாம், அத்தை வீட்டுக்குப் போகலாம். பாட்டியோ அம்மாவோ கையைப் பிடித்துக்கொண்டு பழைய கட்டடம் ஒன்றின் படியேறுவார்கள். அந்தச் சதைக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் 'ஹராம் நி போட்டி', ஆகாத சதைத்துண்டு. அது இருந்தால் பெண் வழி தவறுவாள், எடுத்தால் சுத்தம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த அம்மாவுக்கு இது கொடுமையாகத் தெரியாது. தடுப்பூசி போடக் கூட்டிப்போகிற மனநிலைதான். தனக்கு வலித்ததும் நினைவிருக்கும். 'நானும் தாங்கிக்கிட்டேன்ல' என்று முடித்துக்கொள்வார். அந்த அம்மாவை அரக்கி என்று எழுதுகிறவர்களின் கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

ஆம்பளைங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரியும், ஆனால் 'அது பொம்பளைங்க விஷயம்'. இதுவரை ஆண்களிடம் கேட்டது மிகவும் குறைவு, 2018 ஆய்வின் அந்த 11 பேரையே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். என்னைக் கேட்டால், அடுத்த ஆய்வு முழுக்க அப்பாக்களிடம்தான் நடக்க வேண்டும்.

இவ்வளவு அந்தரங்கத்தை எப்படிக் கேப்பீங்க? யாராவது உண்மை சொல்வாங்களா?

ஒரே அறை வீட்டில் 'தனியாகப் பேச வேண்டும்' என்றால் எங்கே போவது? கருத்தடை பற்றி நான் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மருமகள் எழுந்து போய், ஒன்றும் போடாத மிக்ஸியை ஓடவிட்டாள். வாசலில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மிக்ஸி ஓடின இரண்டு நிமிஷத்தில் நான்கு கேள்விக்கும் பதில் வந்தது, அதற்கு முன் அதே கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில் வேறு. இப்படித்தான் உண்மை கிடைக்கும், சில நேரம் கிடைக்காது.

ஆய்வாளர்கள் இதற்குச் சில வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று பட்டியல் முறை. பாதிப் பேருக்குச் சாதாரணமான மூன்று வாக்கியம் படித்துக் காட்டுவார்கள், மீதிப் பேருக்கு அதே மூன்றோடு 'பெண் குழந்தைக்கு வெட்ட வேண்டும்' என்பதையும் சேர்ப்பார்கள். எது எது சரி என்று கேட்க மாட்டார்கள், எத்தனை சரி என்று மட்டும் கேட்பார்கள். இரண்டு பக்கத்துச் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆதரவின் அளவு, தனி ஆள் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. எத்தியோப்பியாவில் இப்படிக் கேட்டு 2018-ல் வந்த ஆய்வில், நேராகக் கேட்டபோது சொன்னதைவிட ஆதரவு அதிகமாக இருந்தது. முக்கியமாக, தொண்டு நிறுவனம் ஏற்கெனவே போய் வகுப்பு எடுத்திருந்த பெண்கள் கூடுதலாக மறைத்தார்கள். 'அக்காவுக்கு எது பிடிக்கும்' என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. என் தொழிலில் இருக்கிற எல்லோரும் இதைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

கேள்வியை வைக்கும் விதமும் உண்டு. 'நீங்க இதை ஆதரிக்கிறீங்களா' என்றால் பாடப்புத்தகப் பதில் வரும். 'உங்க சொந்தத்துல பத்து வீடு இருந்தா எத்தனை வீட்ல செய்வாங்க? நீங்க செய்யலைன்னா முதல்ல யாரு கேப்பாங்க?' என்றால் மாமியார், பெரிய நாத்தனார் எல்லாம் வெளியே வருவார்கள்.

'சிதைப்பு'ன்னு சொன்னா அவங்களுக்குக் கோவம் வராதா?

வரும். 'என்னைச் சிதைஞ்சவள்னு சொல்ல நீ யாரு' என்று கேட்கும் பெண்களில் இந்த வழக்கத்தை எதிர்ப்பவர்களும் உண்டு. அறிக்கையிலும் நீதிமன்றத்திலும் சிதைப்பு என்ற சொல் இருக்கட்டும், அதன் கடுமைக்கு அங்கே வேலை இருக்கிறது. நேரில் பேசும்போது அவர்கள் வாயில் வரும் சொல்லே போதும், கத்னா.

ஆதரிக்கிற பெண்களும் இருக்காங்களே, அவங்க பேச்சை எடுத்துப்பீங்களா?

எடுக்காவிட்டால் அது ஆய்வு இல்லை, துண்டுப் பிரசுரம். மத சுதந்திரத்துக்கான தாவூதி போரா பெண்கள் சங்கம் என்று ஒன்று உச்ச நீதிமன்றத்திலேயே தரப்பாகச் சேர்ந்திருக்கிறது. நாங்கள் செய்வது தீங்கில்லாத கஃப்ஸ், அதைச் சிதைப்போடு சேர்க்காதீர்கள், இது எங்கள் மத உரிமை என்பது அவர்கள் வாதம். எனக்கு உடன்பாடில்லை, காரணத்தைத் துளித்தோல் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் பொம்மைகள் என்று நினைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இதைப் பேசினா முஸ்லிம்களைக் குறி வெச்ச மாதிரி ஆகிடாதா?

பேசுகிற விதத்தைப் பொறுத்தது. குர்ஆனில் இது இல்லை. இந்திய முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் செய்வதில்லை. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவக் குடும்பங்களும் செய்திருக்கின்றன, கொலம்பியாவில் எம்பெரா பழங்குடியினரும் செய்கிறார்கள். இங்கே முதலில் வாய் திறந்ததும் இணையத்தில் மனுப் போட்டதும் போராப் பெண்களே. அதை வைத்து வேறு கணக்குத் தீர்க்க வருகிறவர்களை அவர்களுக்கு நன்றாகவே அடையாளம் தெரியும்.

கோர்ட்டு கேஸ் என்னாச்சு?

2017-ல் டெல்லி வழக்கறிஞர் சுனிதா திவாரி தடை கேட்டுப் பொதுநல வழக்குப் போட்டார். அதே டிசம்பரில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 'இந்தியாவில் இது நடப்பதற்கு அதிகாரபூர்வத் தரவு இல்லை' என்று நீதிமன்றத்தில் சொன்னது. கேட்காததற்கு எண் எங்கிருந்து வரும் என்று மேலே நான் கேட்டது இதற்கும் சேர்த்துத்தான். 2018-ல் அட்டர்னி ஜெனரல், இருக்கிற குற்றவியல் சட்டத்திலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் இது குற்றமே என்றார். அந்த செப்டம்பரில் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2019 நவம்பரில் சபரிமலை மறுஆய்வு உத்தரவில், மத உரிமை பற்றிய பெரிய கேள்விகளோடு இதுவும் சேர்த்துப் பேசப்பட்டது. கத்னாவுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் கிடையாது.

பேட்டி கொடுக்கிறவங்க 'அடுத்த மாசம் என் பொண்ணுக்குப் பண்ணப் போறேன்'னு சொல்லிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டது செம்பூரில் ஒரு ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். வட்டமே அமைதியாகிவிட்டது. போக்சோ 19-ம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது அல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். கத்னா அதில் வருமா என்பதில்தான் வழக்கே. சொன்னால் நம்பிப் பேசிய அம்மாவுக்குத் துரோகம், அப்புறம் அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்காது. சொல்லாவிட்டால் குழந்தைக்குத் துரோகம்.

பேட்டி அறையில் உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்லை இது. களத்துக்குப் போகும் முன்பே நெறிமுறைக் குழுவோடும் வழக்கறிஞரோடும் பேசி முடிவெடுத்து, ஒப்புதல் படிவத்திலேயே எழுதி, பேச ஆரம்பிப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'நீங்க சொல்றது எல்லாம் ரகசியம், ஆனா ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்க முடியாது.' இதைக் கேட்டுச் சிலர் பேச மறுப்பார்கள், மறுக்கட்டும். என் முடிவைக் கேட்டால், நான் குழந்தை பக்கம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுவேன். அதற்கு முன் அந்த அம்மாவோடு இன்னொரு அரை மணி நேரம் உட்காருவேன்.

என் பொண்ணு காலேஜ்ல இதையே ப்ராஜெக்ட்டா எடுக்கணும்ங்கிறா. எங்க ஆரம்பிக்கிறது?

பேண்டி பஜாரில் நோட்டோடு போய் நிற்க வேண்டாம் என்பதிலிருந்து. கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் கேட்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போவதும் வேண்டாம். பேட்டியில் ஒரு பெண் உடைந்து அழுதால் கூட இருந்து பார்க்க மனநல ஆலோசகர் வேண்டும், இருபது வயசுப் பெண்ணிடம் அது இருக்காது. அதற்குப் பதில் அவளுடைய வகுப்பிலேயே கேட்கட்டும். இப்படி ஒன்று இருப்பது தெரியுமா, எங்கே கேள்விப்பட்டாய், அது யாருடைய பிரச்சினை என்று நினைக்கிறாய்? மருத்துவம், நர்ஸிங் படிக்கும் தோழிகள் இருந்தால் இன்னும் நல்லது. நாளைக்கு அந்த வடு அவர்கள் கண்ணில்தான் படும்.

எங்க பக்கத்து ஃபிளாட்லயே போரா குடும்பம். பொண்ணுக்கு ஆறு வயசு. நான் கேக்கலாமா?

தயவு செய்து வேண்டாம், எடுத்த எடுப்பில் வேண்டாம். பழகுங்கள். அவராகப் பேசினால் காது கொடுங்கள்.

எனக்கு மஸ்ஜித் ஸ்டேஷனில் ஏறும் ஒரு தோழி உண்டு, அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். நான்கு வருடம் ஒரே லேடீஸ் பெட்டியில் வருகிறோம், பட்டாணியும் மாமியார் கதையும் பங்கு போட்டிருக்கிறோம், இதைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. ஒரு நாள் பைகுல்லா தாண்டியதும் அவராகவே கேட்டார், உங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு ஏழு வயசில் என்ன செய்வீர்கள் என்று. ஒன்றும் இல்லை, காது குத்தி முடிந்திருக்கும் என்றேன். தாதர் வரை பேசவில்லை. அப்புறம் சொன்னார், மகளுக்கு எட்டு முடியப் போகிறது, கூட்டிப்போகவே இல்லை. வீட்டில் எல்லோரிடமும் ஆச்சு என்று சொல்லியிருக்கிறேன், அக்காவிடம்கூட. அக்காவும் தன் பெண்ணுக்கு ஆச்சு என்றுதான் என்னிடம் சொன்னாள், நிஜமா என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கு என்னைப் போல ஒருத்தி படிவத்தோடு வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். 'ஆச்சுன்னுதான்' என்று பட்டாணிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.